மெய்யியல் உலகில் என்ன நடக்கிறது? புதிதாகப் பின்தொடர வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெய்யியலில் ஆர்வம் வந்த புதிதில் பலரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஒரு பல்கலைக்கழகம் மெய்யியல் துறையை மூடுகிறது என்று ஒரு செய்தி. ஓர் ஆய்விதழின் ஆசிரியர் குழு கூண்டோடு விலகியது என்று இன்னொன்று. இயந்திரத்துக்குப் பிரக்ஞை இருக்க முடியுமா என்று இரண்டு பேராசிரியர்கள் மோதிக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் படித்துவிட்டு, யார் உரக்கச் சொன்னாரோ அவர் கருத்தையே நம் கருத்தாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கும் முதல் ஓராண்டு அப்படித்தான் போனது. பத்துப் பன்னிரண்டு சர்ச்சைகளைப் பற்றி என்னால் பேச முடிந்தது. அந்தச் சர்ச்சைகளைக் கிளப்பிய கட்டுரைகளில் ஒன்றைக்கூட நான் திறந்து பார்த்திருக்கவில்லை. அந்த ஓராண்டை உங்களுக்கு மிச்சப்படுத்தித் தரலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. ஒரே ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

மெய்யியல் முழுவதையும் பின்தொடர யாராலும் முடியாது. துறைக்குள் முப்பது வருடம் இருப்பவர்களே தங்கள் பிரிவுக்கு வெளியே நடப்பதை அரைகுறையாகத்தான் அறிவார்கள். அதனால் உங்களைத் தூங்கவிடாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆறு மாதம் அதோடு மட்டும் இருங்கள். இன்னும் பிறக்காத தலைமுறைகளுக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம்? விலங்குகளின் வலிக்கு எவ்வளவு எடை கொடுக்க வேண்டும்? ஒரு சொல்லின் பொருள் அநீதியாக இருந்தால் அதைத் திட்டமிட்டு மாற்றலாமா? எல்லாமே இப்போது சூடாக விவாதிக்கப்படுபவை.

எதை எடுப்பது என்று தெரியவில்லை என்றால் பிரக்ஞையை எடுங்கள். அதில் மெய்யியலும் அறிவியலும் நேருக்கு நேர் உரசுகின்றன, செய்திக்கும் பஞ்சமில்லை. 1998-ல் நரம்பியல் அறிஞர் கிறிஸ்டோஃப் காக், மூளையில் பிரக்ஞை எப்படித் தோன்றுகிறது என்பது 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க்கில் நடந்த மாநாட்டில் காக் தோல்வியை ஒப்புக்கொண்டு, பேசியபடி வைன் பாட்டில்களைக் கொடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், பிரக்ஞையை விளக்கும் முன்னணிக் கோட்பாடுகளில் ஒன்றைப் போலி அறிவியல் என்று கூறி 124 ஆய்வாளர்கள் பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். ஒரு கோட்பாடு தவறு என்பதற்கும் அது அறிவியலே இல்லை என்பதற்கும் என்ன வேறுபாடு? இதை யோசிக்கத் தொடங்கினாலே விவாதத்தின் நடுவே வந்துவிட்டீர்கள்.

2. வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள்

ஸ்டான்ஃபோர்ட் மெய்யியல் கலைக்களஞ்சியம் 1995 முதல் இணையத்தில் இருக்கிறது, காசு கிடையாது. ஒவ்வொரு கட்டுரையையும் அந்தப் பொருளில் தேர்ந்த ஒருவர் எழுதுகிறார், வேறு அறிஞர்கள் சரிபார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் செய்கிறார்கள். ஒரு துறைக்கு இதைவிடப் பெரிய பொதுச்சொத்து இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

புதியவர்கள் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க முயன்று மூன்றாம் பக்கத்தில் சோர்ந்துபோகிறார்கள். அப்படிப் படிக்க வேண்டாம். முன்னுரையைப் படியுங்கள். உள்ளடக்கப் பட்டியலைப் பாருங்கள். எந்த இடத்தில் இரண்டு தரப்பு பிரிகிறதோ அந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு பெயர், ஒரு கட்டுரை, அது வந்த ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மூடிவிடுங்கள். முதல் வருகைக்கு அது போதும்.

3. மூலக் கட்டுரையைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற நேரம் இருக்கிறது என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

தொடங்க நல்ல கட்டுரை எட்மண்ட் கெட்டியர் 1963-ல் வெளியிட்டது. மொத்தமே மூன்று பக்கம். ஒருவர் ஒன்றை நம்புகிறார், அது உண்மையாகவும் இருக்கிறது, நம்புவதற்கு நல்ல காரணமும் அவரிடம் இருக்கிறது என்றால், அதை அவர் அறிந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாமா? போதாது என்கிறார் கெட்டியர். ஸ்மித், ஜோன்ஸ் இருவரும் ஒரே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். வேலை ஜோன்ஸுக்குத்தான் என்று நம்ப ஸ்மித்திடம் வலுவான காரணம் இருக்கிறது. ஜோன்ஸின் சட்டைப்பையில் பத்துக் காசுகள் இருப்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே, 'வேலை கிடைக்கப்போகிறவரின் பையில் பத்துக் காசுகள் இருக்கின்றன' என்று முடிவுகட்டுகிறார். கடைசியில் வேலை ஸ்மித்துக்கே கிடைக்கிறது. அவருக்கே தெரியாமல் அவர் பையிலும் பத்துக் காசுகள் இருந்திருக்கின்றன. அவர் நம்பியது உண்மை, காரணமும் நியாயமானது. ஆனாலும் அதை அறிவு என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. இந்த மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதி எழுதி அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

சரி, இதை எப்படிப் படிப்பது? ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாசிப்பில் முடிவை மட்டும் தேடி, ஒரே வாக்கியத்தில் உங்கள் சொற்களில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, திரும்பப் படியுங்கள். இரண்டாம் வாசிப்பில் அந்த முடிவைத் தாங்கும் தூண்களை வரிசையாக எழுதுங்கள். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு இருக்கும். மூன்றாம் வாசிப்பில், எதிர்த்தரப்பில் இருக்கும் ஒரு கெட்டிக்காரர் எந்தத் தூணை அசைக்கப் பார்ப்பார் என்று யோசியுங்கள். கூடவே, ஆசிரியர் சொல்லாதது என்ன என்றும் ஒரு வரி எழுதுங்கள். கெட்டியர் அறிவு என்றால் என்ன என்று தன் கட்டுரையில் எங்கும் சொல்வதில்லை. பழைய வரையறை போதாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். சர்ச்சைகளில் பாதி, ஆசிரியர் சொல்லாததை அவர் தலையில் கட்டுவதால் வருகிறது. அதனால் அந்த ஒரு வரி பின்னால் உங்களை நிறைய முறை காப்பாற்றும்.

மணிக்கு நான்கைந்து பக்கம் நகர்ந்தால் போதும். துறையில் இருப்பவர்களும் முக்கியமான கட்டுரையை அவ்வளவு மெதுவாகத்தான் படிக்கிறார்கள்.

அப்புறம் கதை எப்படித் தொடர்ந்தது என்று பாருங்கள். 'நமக்கு மனம் வருவதில்லை' என்று மேலே எழுதினேன். யார் அந்த 'நாம்'? 2001-ல் ஜோனதன் வைன்பெர்க், ஷான் நிக்கோல்ஸ், ஸ்டீவன் ஸ்டிச் மூவரும் இதை மாணவர்களிடம் கேட்டுப் பார்த்து, மேற்கத்தியப் பின்னணி உள்ளவர்களும் கிழக்காசியப் பின்னணி உள்ளவர்களும் வேறு வேறாகப் பதில் சொல்கிறார்கள் என்று எழுதினார்கள். மெய்யியலாளர்களின் உள்ளுணர்வை மக்களிடம் கேட்டுச் சோதிக்கும் 'சோதனை மெய்யியல்' என்ற இயக்கம் அதிலிருந்து வேகம் பிடித்தது. பிற்பாடு பிரேசில், இந்தியா, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் கேட்டபோது அந்த வேறுபாடு தென்படவில்லை. எல்லா இடங்களிலும் மக்கள் பெரும்பாலும் கெட்டியர் பக்கமே நின்றார்கள். முதல் ஆய்வை மட்டும் கேள்விப்பட்டு நிறுத்திக்கொண்டவர்கள் இன்னும் பழைய செய்தியையே பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கட்டுரையைப் படித்தவுடன் அதற்குப் பின் வந்த மறுப்பு ஒன்றையாவது தேடிப் படிப்பது இதற்காகத்தான். கட்டுரையின் பெயரைக் கொடுத்தால் அதை மேற்கோள் காட்டிய மற்றக் கட்டுரைகளைப் பட்டியலிடும் வசதி கூகுள் ஸ்காலரில் இருக்கிறது.

4. பெரும்பான்மை எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அதற்குப் பணிய வேண்டாம்

பில்பேப்பர்ஸ் என்ற தளம் 2009-லும் 2020-லும் மெய்யியலாளர்களிடம் பெரிய கருத்துக்கணிப்பு நடத்தியது. இரண்டாவதில் 1,785 பேர் பதில் சொன்னார்கள். தண்டவாளத்தில் ஐவரை மோத ஓடிவரும் டிராலி வண்டியை வேறு தடத்துக்குத் திருப்பி, அவர்களைக் காப்பாற்றி, அங்கே நிற்கும் ஒருவரைச் சாகவிடலாம் என்றவர்கள் சுமார் 63 சதவீதம். அதே ஐவருக்காக, டிராலியைத் தடுக்க ஒருவரைப் பாலத்திலிருந்து தள்ளிவிடலாம் என்றவர்கள் சுமார் 22 சதவீதம்தான். எண்ணிக்கை ஒன்றே, ஆனால் செய்கை மாறியதும் பதில் கவிழ்கிறது. அது ஏன் என்பதே ஒரு தனி விவாதம்.

இந்த எண்களை வாசிக்கும்போது யாரிடம் கேட்டார்கள் என்பதையும் பாருங்கள். 2009 கணிப்பில் கடவுள் இல்லை என்ற பக்கம் சாய்ந்தவர்கள் சுமார் 73 சதவீதம். சமய மெய்யியலில் தேர்ந்தவர்களை மட்டும் எடுத்தால், இருக்கிறார் என்றவர்கள் சுமார் 72 சதவீதம். நிபுணர்களைத்தான் நம்ப வேண்டுமா, நம்பிக்கை உள்ளவர்கள்தான் அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்களா? எண் இதைச் சொல்லாது.

இன்னொன்று, இந்தக் கணிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதும் மெய்யியலாளர்களை நோக்கியவை. இங்கேதான் பாடத்திட்டம் பற்றிய விவாதம் வந்து சேர்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க மெய்யியலை மட்டும் கற்பிக்கும் துறைகள் தங்கள் பெயரையும் 'ஐரோப்பிய, அமெரிக்க மெய்யியல் துறை' என்று மாற்றிக்கொள்ளட்டும் என்று ஜே கார்ஃபீல்டும் பிரையன் வான் நார்டனும் 2016-ல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்கள். கடும் எதிர்ப்பு வந்தது, ஆதரவும் வந்தது. தமிழ் வாசகருக்கு இது தூரத்துச் சண்டை இல்லை. மணிமேகலையில் அளவைவாதி (அறியும் வழிகளைப் பேசுபவர்) முதல் பூதவாதி (பொருள்முதல்வாதி) வரை ஒவ்வொருவரும் தம் நிலைப்பாட்டை எடுத்து வைக்கும் காதை ஒன்று இருக்கிறது. பின்னால் வரும் இன்னொரு காதையில் எது சரியான 'ஏது' (வாதத்தில் காட்டும் காரணம்), எது போலி ஏது என்ற தருக்கப் பாடமே நடக்கிறது. இதை மெய்யியல் வகுப்பில் வைக்கலாமா, இலக்கிய வகுப்போடு நிறுத்த வேண்டுமா? என்னைக் கேட்டால் வைக்கத்தான் வேண்டும். ஆனால் பெருமைக்காக வைத்தால் போதாது, கெட்டியரைப் போல வரிவரியாக வாதத்துக்கு இழுக்க வேண்டும்.

5. சர்ச்சை வெடிக்கும்போது

எந்தச் செய்தி வந்தாலும் முதலில் நான் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். இது கருத்துச் சண்டையா, காசு அல்லது நடைமுறைச் சண்டையா, ஆள் சண்டையா? பெரும்பாலும் மூன்றும் கலந்தே வரும். எது எவ்வளவு என்று பிரித்தால்தான் எதைப் படிக்க வேண்டும் என்பது தெரியும்.

2017-ல் பெண்ணிய மெய்யியல் இதழான ஹைபேஷியாவில், பாலின அடையாளத்தை மாற்றிக்கொள்வதை ஏற்கும் வாதங்கள் இன அடையாளத்துக்கும் பொருந்துமா என்று கேட்கும் கட்டுரை ஒன்று வந்தது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்ற பகிரங்கக் கடிதத்தில் 800-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். துணை ஆசிரியர்களில் பெரும்பாலோர் மன்னிப்புக் கேட்டார்கள். முதன்மை ஆசிரியரோ கட்டுரையை விலக்க மறுத்துவிட்டார். பின்னர் இதழின் நிர்வாகத்தில் விலகல்கள் நடந்தன. கட்டுரை இன்றும் இதழில் இருக்கிறது.

இதில் கருத்துக் கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த ஒப்புமை நிற்குமா? நடைமுறைக் கேள்வியும் இருக்கிறது: மதிப்பீட்டைத் தாண்டி வந்த ஒரு கட்டுரையை எந்தக் காரணத்துக்காகத் திரும்பப் பெறலாம்? ஆள் சார்ந்த கேள்வியும் உண்டு: நிரந்தரப் பதவி பெறாத ஓர் இளம் ஆசிரியர் மேல் இவ்வளவு பேர் சேர்ந்து பாய்வது நியாயமா, அந்தக் கட்டுரை யாருடைய வாழ்க்கையைப் பேசுகிறதோ அவர்களுடைய குரல் அதில் போதிய அளவு கேட்டிருக்கிறதா? முதல் கேள்விக்கு 'ஒப்புமை நிற்காது' என்று பதில் சொல்பவர் இரண்டாவதற்கு 'திரும்பப் பெறக் கூடாது' என்று சொல்லலாம். அதில் முரண் எதுவும் இல்லை. என் நிலைப்பாடும் ஏறக்குறைய அதுதான். தவறான வாதத்துக்கு மருந்து மறுப்புக் கட்டுரை. திரும்பப் பெறுதல் என்பது மோசடிக்கும் பெரும் பிழைக்கும் வைத்திருக்கும் ஆயுதம். நீங்கள் மாறுபடலாம். ஆனால் கட்டுரையையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு மாறுபடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மாலைப்பொழுது போதும்.

கல்விச் சுதந்திரச் சண்டைகள் இன்றைக்குப் புதிதாக முளைத்தவை என்று யாராவது சொன்னால், 1940-ஐ நினைவுபடுத்துங்கள். நியூயார்க் சிட்டி கல்லூரி மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸலைத் தருக்கமும் கணிதமும் சார்ந்த பாடங்கள் கற்பிக்க நியமித்தது. திருமணம், பாலுறவு பற்றி அவர் எழுதியவற்றைக் காட்டி ஒருவர் வழக்குப் போட, நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது. பத்தாண்டு கழித்து அவருக்கு இலக்கிய நோபல் கிடைத்தது.

6. ஆய்விதழ்கள் எப்படி ஓடுகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

கட்டுரையை அனுப்புகிறீர்கள். இதழாசிரியர் பார்த்துவிட்டு ஒன்று உடனே திருப்பி அனுப்புவார், அல்லது பெயரை மறைத்து ஒன்றிரண்டு மதிப்பீட்டாளர்களுக்குக் கொடுப்பார். மதிப்பீட்டாளர்களுக்குச் சம்பளம் கிடையாது. மாதக்கணக்கில் ஆகும். முன்னணி மெய்யியல் இதழ்களில் வரும் கட்டுரைகளில் இருபதில் ஒன்று ஏற்கப்பட்டாலே அதிகம். நிராகரிப்பு வந்தால் கட்டுரை மோசம் என்று யாரும் முடிவுகட்டுவதில்லை, அடுத்த இதழுக்கு அனுப்புகிறார்கள்.

எழுதுபவர், மதிப்பிடுபவர் இருவருமே பல்கலைக்கழகச் சம்பளத்தில் இந்த வேலையைச் செய்ய, முடிந்த இதழைப் பதிப்பகம் அதே பல்கலைக்கழக நூலகத்துக்கு விற்கிறது. இப்போது வாசகர் காசு கொடுக்க வேண்டாம், எழுதுபவர் தரப்பு கட்டுரைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடலாம் என்ற ஏற்பாடும் பரவுகிறது. அப்படியானால் அதிகக் கட்டுரை வெளியிட்டால் பதிப்பகத்துக்கு அதிக வருமானம். இதழாசிரியருக்கோ தரம்தான் மூலதனம். இந்த இழுபறிதான் செய்திகளில் வெடித்தது. 1993 முதல் ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் ஃபிலாசஃபி இதழை நடத்திவந்த ராபர்ட் குடினை 2023-ல் வைலி பதிப்பகம் நீக்க, இதழோடு தொடர்புடைய பலர் விலகினார்கள். 2024 மே மாதத்தில், அதே பதிப்பகத்தின் கீழ் வந்த ஃபிலாசஃபி அண்ட் பப்ளிக் அஃபேர்ஸ் இதழின் ஆசிரியர்களும் ஆசிரியர் குழுவும் ஒட்டுமொத்தமாக விலகலை அறிவித்தார்கள். விலகிய இரு குழுக்களிலிருந்தும், யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய புதிய இதழ்கள் பிறந்தன.

இப்படி ஒரு செய்தியைப் பார்த்தால், பழைய இதழின் பெயர் யாரிடம் இருக்கிறது, ஆட்கள் எங்கே போனார்கள் என்று இரண்டையும் பாருங்கள். அடுத்த நல்ல கட்டுரை ஆட்கள் போன இடத்தில் வர வாய்ப்பு அதிகம். கட்டுரை கட்டணச் சுவருக்குப் பின்னால் இருந்தால் பில்பேப்பர்ஸிலோ ஆசிரியரின் சொந்தப் பக்கத்திலோ முன்வரைவு இருக்கிறதா என்று தேடுங்கள், பல நேரம் கிடைத்துவிடும்.

7. துறை மூடும் செய்தியும் வேலைச் சந்தையும்

ஒரு துறையை மூடினால், அங்கே வேலை சரியாக நடக்கவில்லை போலும் என்று நினைக்கத் தோன்றும். 2010-ல் பிரிட்டனின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகம் மெய்யியலை மூடுவதாக அறிவித்தபோது, ஆய்வு மதிப்பீட்டில் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே முதலிடத்தில் இருந்தது அந்தத் துறைதான். மாணவர்கள் கட்டடத்தையே கைப்பற்றிப் போராடினார்கள். அங்கிருந்த ஆய்வு மையம் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் குடிபெயர்ந்தது. 2024-ல் கென்ட் பல்கலைக்கழகமும் தான் கைவிடும் பாடங்களின் பட்டியலில் மெய்யியலைச் சேர்த்தது. இத்தகைய செய்திகளில் தேட வேண்டியது மாணவர் எண்ணிக்கை, கட்டண வருமானம், பல்கலைக்கழகத்தின் கடன் ஆகியவற்றை.

முனைவர் பட்டத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்த விஷயம் உயிர்நாடி. சேர்வதற்கு முன் கூச்சப்படாமல் துறையிடம் கேளுங்கள்: கடந்த பத்தாண்டுகளில் இங்கே படித்தவர்கள் எல்லோரும் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பலருடைய பெயர் அந்தப் பட்டியலில் விடுபட்டிருந்தால் அதுவும் ஒரு பதில்தான். உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, மாணவர்கள் உண்மையில் எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள்? இந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலான இடைவெளியை உங்கள் கைக்காசால்தான் நிரப்ப வேண்டும். உங்கள் நெறியாளர் ஆகப்போகிறவரின் இப்போதைய மாணவர்கள் இரண்டு பேரிடம், அவர் வரைவைத் திருத்தித் தர எத்தனை வாரம் எடுக்கிறார் என்று விசாரியுங்கள். துறைகளின் தரவரிசையைவிட இந்தப் பதில் உங்கள் அடுத்த ஐந்தாண்டுகளைப் பற்றி அதிகம் சொல்லும்.

முடித்த பிறகு நேராக நிரந்தர வேலை கிடைப்பவர்கள் குறைவு. ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களில் ஊர் ஊராக மாறுவதே பலருக்கு வழக்கம். அமெரிக்காவில் டென்யூர் எனும் பணிப் பாதுகாப்பு இன்னும் உண்டு. பிரிட்டனில் 1988 சட்டத்தோடு அது போய்விட்டது. ஆகவே நாட்டுக்கு நாடு 'நிரந்தரம்' என்ற சொல்லுக்கே பொருள் மாறும்.

வகுப்பறையிலும் ஒரு மாற்றம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, வீட்டில் எழுதிவரும் கட்டுரையை நம்பி மதிப்பெண் போடுவது கடினமாகிவிட்டது. வகுப்பிலேயே கையால் எழுதுவது, நேரில் கேள்வி கேட்பது என்று பல ஆசிரியர்கள் திரும்பியிருக்கிறார்கள். வாதத்தை வாயால் சொல்லிப் பழகுங்கள்.

8. பேச்சில் சேருங்கள்

மூன்று மாதம் இப்படிப் படித்த பிறகு, உங்கள் கேள்வியைப் பற்றி நடக்கும் இணையவழிக் கருத்தரங்கு ஒன்றில் உட்காருங்கள். அதற்குப் பிறகு ஒரு கட்டுரையின் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். புகழுரையோ தன் வரலாறோ வேண்டாம், ஆறேழு வரி போதும். பக்க எண்ணைச் சொல்லி, 'இந்த இடத்தில் நீங்கள் இப்படிச் சொல்வதாகப் புரிந்துகொண்டேன், சரிதானா? அப்படியானால் இந்த எடுத்துக்காட்டுக்கு உங்கள் பதில் என்ன?' என்று கேளுங்கள். தன் கட்டுரையை ஒருவர் உண்மையாகவே படித்திருக்கிறார் என்று தெரிந்தால் பெரும்பாலான மெய்யியலாளர்களுக்குப் பதில் எழுத மனம் வரும். எனக்கு முதல் பதில் ஒன்பது நாள் கழித்து வந்தது. நான் காட்டிய எடுத்துக்காட்டு ஏன் பொருந்தாது என்று நான்கு பத்தியில் விளக்கியிருந்தார். அந்த நான்காம் பத்தியோடு நான் இன்னும் உடன்படவில்லை.